பரணிலிருந்து இறங்கிய கேரார்ட் ஏன் உறுமுகிறது?

கேள்வி: அப்பா 1970களின் தொடக்கத்தில் லண்டனிலிருந்து கொண்டுவந்த கேரார்ட் 401 ரெக்கார்டு பிளேயர் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பரணில் இருந்தது. துடைத்து ஓட்டினால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமலும், கூடவே ‘தொப்பு தொப்பு’ என்று ஓர் இடியும் கேட்கின்றன. ஒலியைக் கூட்டினால் இரண்டும் கூடுகின்றன. பழுதுபார்ப்பவர் மோட்டார் போய்விட்டது என்கிறார். அடியில் ஸ்பாஞ்சு வைத்தும் பயனில்லை. என்ன செய்யலாம்? (திருச்சி வாசகர்)

பதில்: முதலில் அந்த ஸ்பாஞ்சை எடுத்துவிடுங்கள். அடுத்து, மோட்டாரைக் கழற்ற வேண்டாம் என்று பழுதுபார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த மோட்டார்கள் எளிதில் ‘போவதில்லை’. பெரும்பாலும் உள்ளே எண்ணெய் வற்றியிருக்கும், அவ்வளவுதான்.

401 இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் 1965 முதல் தயாரானது. அதற்கு முந்தைய 301-ஐப் போல இதுவும் ஐட்லர் சக்கரத்தால் ஓடுவது. மோட்டாரின் புல்லி ஒரு ரப்பர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஐட்லர் எனப்படும் அந்தச் சக்கரம், இசைத்தட்டைத் தாங்கும் உலோகத் தட்டின் உள்விளிம்பை உரசித் தட்டைச் சுழற்றுகிறது. பெல்ட் இல்லாததால் நல்ல இழுவை உண்டு. ஆனால் மோட்டாரின் ஒவ்வொரு முணுமுணுப்பும் நேராக ஊசிக்குப் போய்ச் சேரவும் அதே வழி திறந்திருக்கிறது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். பத்து இடிகள் வர 18 விநாடி ஆனால் குற்றம் தட்டிலோ, தட்டின் அச்சிலோ, இசைத்தட்டிலோ இருக்கிறது. வேறு இசைத்தட்டை வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அந்த 18 விநாடிக்குள் இடி ஐம்பது அறுபது முறை வந்தால் அது ஐட்லர் சக்கரத்தின் வேலை. எண்ணவே முடியாத அடித்தொனியாக, தம்பூராவின் மந்திர ஸ்வரம் சுருதி கெட்டதுபோல் ஒலித்தால் அது மோட்டாரின் நடுக்கமாக இருக்கும், அல்லது மின்சார இரைச்சலாக இருக்கும். உங்கள் ‘தொப்பு தொப்பு’வும் ‘ம்ம்ம்’மும் இரண்டு தனித்தனி நோய்கள் என்றே நினைக்கிறேன்.

உறுமலிலிருந்து தொடங்குவோம். மோட்டாரை நிறுத்தி, ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு ஒலியைக் கூட்டுங்கள். அப்போதும் உறுமினால் மோட்டார் நிரபராதி. ஊசிக்கையிலிருந்து ஆம்ப்ளிபயருக்குப் போகும் எர்த் கம்பி கழன்றிருக்கலாம், அல்லது சிக்னல் கேபிள் ஏதாவதொரு டிரான்ஸ்பார்மரை ஒட்டிக் கிடக்கலாம். அடுத்து மோட்டாரை ஓடவிட்டு, ஊசியை இறக்காமல் ஊசிக்கையை மட்டும் தட்டின் மேலே ஓரத்திலிருந்து நடுவரை மெல்ல நகர்த்துங்கள். ஓரிடத்தில் இரைச்சல் ஏறி, தாண்டியதும் இறங்கினால் மோட்டாரின் காந்தப்புலத்தைக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் பகுதி) வாங்கிக்கொள்கிறது என்று பொருள். கிராடோ நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ்களுக்கு இந்த வியாதி பெயர்பெற்றது. அந்த நிலையில் மோட்டாரை எத்தனை முறை பிரித்துப் பூட்டினாலும் பயனில்லை; கார்ட்ரிட்ஜைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு சோதனையிலும் அமைதியாக இருந்து, ஊசி இசைத்தட்டைத் தொட்டதும் மட்டும் உறுமல் வந்தால் அது இயந்திர நடுக்கம். இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கழற்றுங்கள். தட்டு ஒரு கூம்பு அச்சில் இறுகி உட்கார்ந்திருக்கும். முரட்டுத்தனமாக இழுக்காமல், இருபுறமும் பிடித்து லேசாகத் தூக்கியபடி அச்சின் தலையில் மரக்கைப்பிடியால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். அதற்கு இன்னொருவர் வேண்டும். ஐட்லர் சக்கரத்தைக் கழற்றி, அதைத் தாங்கும் கை புல்லியைத் தொடாதபடி நூலால் இழுத்துக் கட்டிவிட்டுத் தட்டை மறுபடி மாட்டுங்கள். இப்போது மோட்டார் ஓடும், தட்டு ஓடாது. அசையாத இசைத்தட்டின் மேல் ஊசியை இறக்குங்கள். காதில் விழுவது முழுக்க மோட்டாரிலிருந்து உலோகச் சட்டத்தின் வழியாக வருவது. இங்கே உறுமல் இல்லை, ஆனால் ஐட்லரை மாட்டியதும் வருகிறது என்றால் குற்றவாளி ஐட்லர், அல்லது தட்டின் மைய அச்சு.

மோட்டாரிலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தாலும் திருப்புளியைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் டார்ச் அடித்துக் கீழே பாருங்கள். 401-இன் மோட்டார் ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது. அது எதையும் தொடக்கூடாது. பயணத்துக்காக மோட்டாரை இறுக்கிப் பூட்டும் திருகுகள் இன்னும் இறுகியே இருந்தால் அந்த ஸ்பிரிங்குகளுக்கு வேலையே இல்லை. ஒருமுறை நான் ஓர் உறுமலோடு இரண்டு வாரம் போராடினேன். எண்ணெய் மாற்றினேன், ஸ்பிரிங்கை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், முன்பு அதைப் பழுதுபார்த்தவர் மோட்டாருக்குக் கிரைண்டருக்குப் போடுவதுபோன்ற தடித்த வயரைப் போட்டிருந்தார். விறைப்பான அந்த வயர் ஒரு பக்கம் மோட்டாரையும் மறுபக்கம் பிளேயரைத் தாங்கும் பெட்டியையும் முட்டிக்கொண்டு நின்றது. வளைந்து கொடுக்கும் மெல்லிய வயரைத் தளர்வாகப் போட்டதும் உறுமல் ஓய்ந்தது. இரண்டு வாரத்தையும் நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

அதன்பிறகுதான் எண்ணெய். மோட்டார் தண்டு மேலும் கீழும் இரண்டு வெண்கல புஷ்களில் (தண்டைத் தாங்கும் வளையங்களில்) சுழல்கிறது. இவை தூள் உலோகத்தை அழுத்திச் செய்தவை, எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் நுண்துளைகள் கொண்டவை. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த எண்ணெய் அரக்காகியிருக்கும். மேலிருந்து இரண்டு சொட்டு விடுவது அரக்கின் மேல் தண்ணீர் தெளிப்பதற்குச் சமம். புஷ்ஷைக் கழற்றி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் கழுவி உலரவைத்து, சிறு கிண்ணத்தில் வெதுவெதுப்பான டர்பைன் எண்ணெயில் மூழ்கவையுங்கள். உற்றுப் பார்த்தால் அதன் உடம்பெல்லாம் கடுகைவிடச் சிறிய குமிழிகள் அரும்பி மேலேறும். குமிழி நின்றபின் எண்ணெய் ஆறும்வரை அப்படியே விடுங்கள். ஆறும்போதுதான் புஷ் எண்ணெயைக் குடிக்கிறது. புஷ்ஷைச் சுற்றியுள்ள ஃபெல்ட் வாஷரையும் அதே எண்ணெயில் நனைத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது இருக்கும் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும்.

பூட்டும்போது இன்னொரு நுணுக்கம். இந்த புஷ்கள் தாமே திரும்பித் தண்டுக்கு நேராக அமையக்கூடியவை. திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கு முறையில் இறுக்குங்கள். இடையிடையே தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். அது இறுகும் இடத்தில் மோட்டார்க் கூட்டை மரத்துண்டால் மெல்லத் தட்டினால் புஷ்கள் தம் இடத்துக்கு வந்துவிடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் தண்டு நெடுநேரம் சுழன்று, எப்போது நின்றது என்று தெரியாமல் நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் மறுபடி தட்டுங்கள்.

இனி உங்கள் ‘தொப்பு தொப்பு’. பிளேயரிலுள்ள விசையை அணைத்தால் 401-இல் ஐட்லர் சக்கரம் விலகிக்கொள்ளும். நம் வீடுகளில் நடப்பது வேறு. பாட்டு ஓடும்போது மின்வெட்டு வரும், நாம் சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவோம். விசை ஓடும் நிலையிலேயே இருக்க, ரப்பர் சக்கரம் புல்லிக்கும் தட்டுக்கும் நடுவில் நசுங்கியபடி மாதக்கணக்கில் கிடக்கும். நசுங்கிய இடம் தட்டையாகிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தட்டையான இடம் தட்டின் விளிம்பைத் தொடும்போது ஓர் இடி. சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் நகத்துக்குத் தெரியும்.

லேசான பள்ளமென்றால் தட்டைக் கழற்றிய நிலையில் மோட்டாரை ஓட்டி, சுழலும் சக்கரத்தில் மிக நைசான உப்புத்தாளை மயிலிறகு தொடுவதுபோல் வைத்துச் சமப்படுத்தலாம். தட்டு இல்லாதபோது மின் இணைப்புகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அங்கே 230 வோல்ட் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம். ஆழமான பள்ளமோ கண்ணாடிபோல் இறுகிய ரப்பரோ ஆனால் தேய்த்துப் பயனில்லை. புதுச் சக்கரம் வாங்கலாம், அல்லது அச்சு இயந்திர ரோலர்களுக்கு ரப்பர் ஏற்றுபவர்களிடம் கொடுத்து ஏற்றிக் கடைசலில் வட்டம் பிடிக்கலாம். எப்படியானாலும் சக்கரத்தின் விளிம்பு, புல்லி, தட்டின் உள்விளிம்பு மூன்றையும் ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படக்கூடாது. விரல் எண்ணெய் போதும், சக்கரம் வழுக்கும்.

தட்டின் மைய அச்சுக்குப் பழைய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒலியைக் கூட்டினால் கூடுகிறது என்றீர்களே, அதில் பெட்டிக்கும் பங்கு இருக்கலாம். மோட்டாரை நிறுத்தி, அசையாத இசைத்தட்டில் ஊசியை வைத்து ஒலியை மெல்லக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் தானாக ஊளையிடத் தொடங்கினால் ஸ்பீக்கரின் அதிர்வு பெட்டிக்குள் புகுந்து ஊசிக்கே திரும்புகிறது. ஸ்பீக்கரை வேறு மேசைக்கு மாற்றுங்கள். 401 மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டியில் இருந்தால் பெட்டி பறைபோல் அதிரும். ஒட்டுப்பலகைகளை அடுக்கி ஒட்டிய கனமான பெட்டியே இதற்கு ஏற்றது. ஸ்பாஞ்சை எடுக்கச் சொன்னதும் இதனால்தான். ஐட்லர் இயந்திரத்துக்கு அடியில் உறுதி வேண்டும், தொட்டில் வேண்டாம்.

எல்லாம் பூட்டியதும் இசைத்தட்டு வைக்காமல் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எண்ணெய் சூடாகிப் பரவியபின் தட்டின் ஓரத்துக் கோடுகளைப் பாருங்கள். பிளேயரிலேயே உள்ள சிறு விளக்கின் ஒளியில் அவை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நகர்ந்தால் வேகக் குமிழைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். முதலில் வைக்கும் இசைத்தட்டு அப்பா பொத்திப் பாதுகாத்ததாக இருக்க வேண்டாம். கீறல் விழுந்த ஒன்று வீட்டில் எப்படியும் இருக்கும், அதை வையுங்கள்.