கார் நுழையும் வாசலுக்கு மரக் கேட் போட எந்த மரம் நல்லது?

நாகர்கோவில் பக்கத்தில் வீடு கட்டி முடிக்கும் தறுவாயில் இருப்பதாகவும், பத்தடி அகல வாசலுக்கு மரத்திலேயே கேட் போட விரும்புவதாகவும், மரக்கடைக்காரர் தேக்கைச் சொல்ல ஆசாரி வேங்கையைச் சொல்வதால் முடிவெடுக்க முடியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே நல்ல மரங்கள்தான். ஆனால் குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதால் என் பதில் அயனி. கேரளத்துக் கடைகளில் இதையே ஆஞ்சிலி என்பார்கள்.

தலைவாசல் கதவுக்கு மேலே கூரை உண்டு. கேட்டுக்கு அது கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனையும் மாவட்டம் நம்முடையது. இடைப்பட்ட மாதங்களில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆகவே கேட்டுக்கான மரம் ஆண்டுக்கு இரண்டு முறை ஊறிக் காய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளாமலும், இற்றுப்போகாமலும், கறையானுக்கு இரையாகாமலும் இருக்க வேண்டும். ஆலப்புழைப் பக்கத்துச் சுண்டன் வள்ளங்களை, அதாவது பந்தயத்துக்கு விடும் நீளமான பாம்புப் படகுகளை, அயனியில் கட்டுவதற்குக் காரணமே தண்ணீரில் அது நின்று உழைப்பதுதான். மரம் நெடுநெடுவென்று நேராக வளர்வதால் முடிச்சில்லாத நீளப் பலகை கிடைக்கும். தோட்டங்களிலும் வீட்டு வளவுகளிலும் வளர்கிற மரம் என்பதால், எங்கே நின்ற மரம், எப்போது வெட்டியது என்று விசாரித்து வாங்கவும் வழியுண்டு. எங்கள் வீட்டு முன்வாசல் கேட் அயனிதான். புதிதில் இருந்த மஞ்சள் நிறம் வெயில் பட்டுப் பட்டு இப்போது ஆழ்ந்த பழுப்பாகிவிட்டது. பலகைகளின் இணைப்பு இன்னும் விலகவில்லை.

எடையையும் பாருங்கள். பத்தடி வாசலை ஐந்தடிக் கதவுகளாக இரண்டாகப் பிரித்து, ஐந்தடி உயரத்தில், ஓர் அங்குலப் பலகையும் நாலுக்கு இரண்டு சட்டமும் வைத்துச் செய்தால், அயனியில் ஒரு கதவு ஏறத்தாழ 60 முதல் 65 கிலோ வரும். அதையே வேங்கையில் செய்தால் 80 கிலோவைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடை முழுவதும் கீல்களிலும் தூணிலும்தான் தொங்கும். வேங்கையின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், உழைப்பில் எதற்கும் சளைத்ததல்ல. ஆனால் அதில் பிசின் அதிகம், நன்றாகக் காயாத பலகை நனையும்போது மஞ்சள் சாயம் இறங்கும். சுண்ணாம்படித்த தூணிலோ வெளிர் நிறத் தரைக்கல்லிலோ அந்தக் கறை படிந்தால் போக்குவது கடினம்.

தேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் அதிகம் போவது அதில்தான். தேக்கின் பெருமையெல்லாம் வைரத்துக்கு உரியது. கறையானை விரட்டும் சத்தும் எண்ணெய்ப் பசையும் வைரத்தில்தான் இருக்கின்றன. அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிக்கு அந்தக் குணம் இல்லை. இளம் வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை மிகுதியாக இருக்கும். அந்தப் பலகையை வெளியில் போட்டால், பெயர் தேக்கானாலும் சில மழைக்காலங்களிலேயே வண்டும் கறையானும் வேலையைக் காட்டிவிடும். பர்மா தேக்கு என்று யாராவது சொன்னால் நிதானித்துக் கேளுங்கள்: மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேக்கை உருட்டுக்கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. கட்டையைக் காட்டி, பர்மாவிலிருந்து இப்போதுதான் இறங்கியது என்றால் அதை நம்ப வேண்டாம். முற்றிய நாட்டுத் தேக்கு நியாயமான விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எந்த மரமானாலும் வாங்குமுன் பலகையின் அறுத்த முனையைப் பாருங்கள். முனையை ஈரத் துணியால் துடைத்தால் வைரம் கருத்தும் வெள்ளை வைக்கோல் நிறத்திலும் தனித்தனியாகத் தெரியும். வெள்ளை ஓடும் பலகையைக் கழித்துவிடச் சொல்லுங்கள். விளிம்பில்தானே, பெயின்ட் அடித்தால் தெரியாது என்று சமாதானம் சொல்வார்கள், இணங்காதீர்கள். குண்டூசித் துளைகளும் அவற்றினடியில் மாவுபோன்ற தூளும் இருந்தால் அந்த அடுக்கையே தொட வேண்டாம். அடுத்தது ஈரம். பலகைகளுக்கு இடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து நிழலில் அடுக்கி, ஒரு கோடையாவது கடந்திருக்க வேண்டும். ஈரமானி கிடைத்தால் 12 முதல் 15 சதவீதத்துக்குள் காட்டுவதை எடுங்கள். பச்சை மரத்தில் செய்த கேட் எந்த மரமானாலும் முறுக்கிக்கொள்ளும்.

அயனி கிடைக்காவிட்டால் முற்றிய பலாவை எடுக்கலாம். அதன் வைரமும் கறையானைத் தாங்கும், ஆனால் நீளமான நேர்ப் பலகை கிடைப்பது அரிது. வேம்பு உறுதியானது, எனினும் வளையும் சுபாவம் உடையது என்பதால் அகலப் பலகைக்கு ஏற்றதல்ல. மா, ரப்பர், தூங்குமூஞ்சி ஆகியவை மழையில் நிற்கும் வேலைக்கு உதவாது.

செய்முறையில் ஆசாரியிடம் வற்புறுத்த வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு கதவிலும் குறுக்குச் சட்டம் கீல் பக்கத்துக் கீழ்மூலையிலிருந்து எதிர்ப்பக்கத்து மேல்மூலைக்கு ஏற வேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் அந்தச் சட்டத்தின் வழியே கீழ்க்கீலுக்கு இறங்கும், திறக்கும் முனை தரையில் உரசாது. பலகைகளுக்கு இடையே மூன்று நான்கு மில்லிமீட்டர் விட வேண்டும். கேட்டுக்கும் தரைக்கும் இரண்டு அங்குலம் இருக்கட்டும். மேற்சட்டத்தின் தலையைச் சரிவாகச் சீவினால் தண்ணீர் தங்காது. ஆணியும் போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்புக் கோடாக வடியும். உங்கள் வீடு கடலுக்கு அருகில் என்றால் எஃகில் 316 தரத்தையே கேளுங்கள், 304 உப்புக்காற்றில் பழுப்பேறிவிடும்.

வார்னிஷைவிட எண்ணெயைத்தான் நான் விரும்புவேன். வார்னிஷ் வெயிலில் உரிந்தால் முழுவதையும் சுரண்டிவிட்டுத்தான் மறுபடி அடிக்க முடியும். ஆளி விதை எண்ணெயோ தேக்கு எண்ணெயோ என்றால் தூசியைத் துடைத்துவிட்டு மேலே பூசினால் போதும். பலகைகளின் அறுத்த முனைகள் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும். ஆகவே கேட்டைத் தூணில் மாட்டுவதற்கு முன்பே, கீழ்முனைகள் இனி குடிக்காது என்னும் அளவுக்கு எண்ணெய் ஊட்டிவிடுங்கள், மாட்டிய பிறகு அங்கே தூரிகை நுழையாது. அதன்பின் ஆண்டுதோறும் மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், ஒரு பூச்சு கொடுத்து வாருங்கள்.