நாய்க்குட்டி கேள்வி-பதில்: தரையெல்லாம் உச்சா

*வீட்டுத் தோட்டத்துக்குத் தூக்கிப்போனால் எதுவும் போவதில்லை. உள்ளே வந்ததும் சோபா பக்கத்தில் போய்விடுகிறது. (வேளச்சேரி)*

எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று எழுதவே இல்லையே! ஒரே இடத்தில், போனை நோண்டாமல், பத்து நிமிஷம் நில்லுங்கள். போகாவிட்டால் உள்ளே வந்து மடியிலேயே வைத்திருந்து, கால் மணி கழித்து மறுபடி கூட்டிப் போங்கள். போனதும் அங்கேயே, அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தீர்கள் என்று அதற்குத் தெரியாது.

*தடுப்பூசி முடியும்வரை வெளியே விடாதே என்கிறார் டாக்டர். மூன்றாவது மாடியில் என்ன செய்வது? (பெரம்பூர்)*

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். வாந்தி பேதியில் குட்டியின் உயிரையே வாங்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். கடைசி ஊசி நாலு மாத வாக்கில்தான். அதுவரை தெரு வேண்டாம், பார்க் வேண்டாம், பக்கத்துக் காலி மனையும் வேண்டாம். பால்கனியில் செய்தித்தாள், இல்லையென்றால் மொட்டை மாடி. வெயில் காலத்தில் காலை எட்டுக்குள் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள். உங்கள் வெறுங்கால் தாங்காத தளம் அதற்கும் தாங்காது.

*மூக்கைப் பிடித்து உச்சாவில் தேய்த்தால் பழகிவிடும் என்கிறார் மாமனார்.*

பழகும். உங்களைக் கண்டதும் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து போகப் பழகும்.

*35 நாளில் வாங்கிய பொமரேனியன். இப்போது இரண்டு மாதம். படுக்கையிலேயே போய், அதிலேயே படுத்துக்கொள்கிறது. சோம்பேறிக் குட்டியா? (மடிப்பாக்கம்)*

குட்டியைக் குறை சொல்லாதீர்கள், விற்றவரைச் சொல்லுங்கள். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரம் தாய் நக்கியே சுத்தம் செய்துவிடும். அதன்பிறகு குட்டி தள்ளாடித் தள்ளாடியாவது படுக்கையை விட்டு நகர்ந்துதான் போகும். படுக்கிற இடம் அசிங்கமாகக் கூடாது என்கிற அந்தப் பிறவிக் குணத்தை வைத்துத்தான் நாம் எல்லாப் பயிற்சியும் கொடுக்கிறோம். கம்பிக் கூண்டில் ஐந்தாறு குட்டிகளை அடைத்து, தின்பதும் போவதும் அங்கேயே என்று வைத்தால் அந்தக் குணம் மங்கிப்போகாமல் என்ன செய்யும்? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டாயிற்று. இங்கேயோ, "நாப்பது நாள் குட்டி, தானா சாப்பிடுது சார்" என்று கூசாமல் விற்கிறார்கள். சின்னதாக இருந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்று நாமும் வாங்கி வருகிறோம். எத்தனை தடவைதான் எழுதுவது! தாயைப் பார்க்காமல், குட்டிகள் கிடக்கிற இடத்தை ஒரு தடவை முகர்ந்து பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

வாங்கியாயிற்று, இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். இப்போதைக்குக் க்ரேட் (உள்ளே படுக்க வைத்துப் பழக்குகிற சின்னக் கூண்டு) வேண்டாம். ஒரு மூலையில் தடுப்பு வைத்து, ஒரு கோடியில் படுக்கை, மறுகோடியில் செய்தித்தாள். படுக்கையைத் தினமும் துவையுங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் தூக்கிப்போய்த் தாளில் விடுங்கள். பகலில் மணிக்கு ஒரு தடவை. மற்ற குட்டிக்கு ஆகிற காலத்தைப்போல் இரண்டு மடங்காவது ஆகும். அடிக்காதீர்கள்.

*தினமும் பினாயில் போட்டுத் துடைத்தும் அதே இடத்தில் போகிறது. (தி.நகர்)*

பினாயில் வாசனை உங்கள் மூக்கை ஏமாற்றும், அதன் மூக்கை அல்ல. பழைய உச்சா வாடை அடியில் அப்படியே இருக்கும். போதாததற்கு, பினாயில் ஈரத்தில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்குகிற குட்டிக்கு அது விஷம். நாய்ச் சாமான் கடையில் என்சைம் கிளீனர், அதாவது உச்சாவையே சிதைத்து வாடையைப் போக்குகிற திரவம், கேளுங்கள். ஊற்றியதும் துடைக்காமல், கால் மணி ஊறவிடுங்கள்.

*நாலு மாதக் குட்டி. காலை ஒன்பதுக்கு ஆபீஸ் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவோம். ஹால் முழுக்க உச்சா.*

பத்து மணி நேரம் நீங்கள் அடக்குவீர்களா? இந்த வயதில் நாலு, மிஞ்சினால் ஐந்து மணி நேரம். மதியம் வந்து பார்க்க ஆள் வையுங்கள். அடிக்காதீர்கள்.

*நன்றாகப் பழகியிருந்தது. நாலு நாளாக அடிக்கடி, சொட்டுச் சொட்டாக, கண்ட இடத்தில் போகிறது.*

வயது இல்லை, ஆணா பெண்ணா என்றும் இல்லை. போகட்டும், இது பயிற்சி விவகாரமே இல்லை. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். நாளைக் காலையே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கோ பக்கத்து டாக்டரிடமோ போங்கள். முடிந்தால் கொஞ்சம் சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு சொட்டும் வராமல் முக்கினால் காலைவரை காத்திருக்காதீர்கள்.