‘அது வேறு விஷயம்’ என்றொரு வரி

கேள்வி: மேல்நிலை மாணவர்களின் உயர்நிலை ஆங்கில இலக்கிய வகுப்புக்கு 17 ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் படிக்க மூன்று வார அவகாசம் கொடுத்தேன். 30 பேரில் நான்கு பேர்கூட முழுமையாகப் படிக்கவில்லை. இணையத்தில் கிடைக்கும் கதைச்சுருக்கத்தோடு வருகிறார்கள். கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. கவிதை என்றால், மையக்கருத்தைச் சொல்லிவிடுங்கள் போதும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து கட்டுரை திருத்துகிறேன், பயனில்லை. என் மகளும் என் வகுப்பில்தான் சேர்ந்தாள். நாவல் படிக்கவே மாலை முழுவதும் போகிறதென்று இரண்டாம் மாதமே வேறு பாடத்துக்கு மாற்றிவிட்டேன், அது வேறு விஷயம். முழு நாவலை விட்டுவிட்டுச் சில பகுதிகளை மட்டும் நடத்தினால் போதாதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் படிப்பதில்லை என்ற முறையீடு எனக்குப் புதிதன்று. கையெழுத்து மட்டும் மாறி, ஏறக்குறைய இதே சொற்களில் எத்தனையோ முறை என் மேசைக்கு வந்திருக்கிறது. காலம் கெட்டுவிட்டது, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஆறுதல் சொல்ல உங்கள் ஆசிரியர் அறையில் ஆட்கள் இருப்பார்கள், அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மகளை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டதைச் சொல்லிய கையோடு ‘அது வேறு விஷயம்’ என்று ஒதுக்கியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. உங்கள் கடிதத்தில் விஷயமே அதுதான்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நீங்களோ தன் பிள்ளைக்கு ஆகாதென்று தட்டை எடுத்து வைத்துவிட்டு, அதே சோற்றைக் கண்டு ஊரார் பிள்ளைகள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள். ஆசிரியையின் மகளே இரண்டாம் மாதத்தில் அந்த வகுப்பை விட்டுப் போனாள் என்பது அன்று மாலைக்குள் 30 பேருக்கும் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைவிட வேகமாகப் பரவும் செய்தி கிடையாது. இந்தப் பாடம் நேரத்துக்குப் பெறுமானமில்லாதது என்று நீங்கள் வாயால் சொல்லவில்லை, செய்து காட்டிவிட்டீர்கள். அவளுக்குப் பாடம் ஏறவில்லை என்று எழுதியிருந்தால் நான் இவ்வளவு கடுமையாகப் பேசமாட்டேன். மாலை முழுவதும் போகிறது என்கிறீர்கள். மாலை முழுவதும் ஒரு பெண் நாவலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் என்றால், வகுப்பில் தேடித் தேடி உங்களுக்குக் கிடைக்காத மாணவி உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள்.

டிக்கன்ஸ் அந்த நாவலை 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை தம்முடைய வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதினார். ஓரிரு அத்தியாயம் படித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்து, எட்டு மாதத்துக்கு மேல் வாசகர்கள் வாசித்த 59 அத்தியாயங்களை மூன்று வாரத்தில் முடித்துவிட்டு வா என்றால், பிள்ளைகள் சுருக்கத்தைத் தேடாமல் என்ன செய்வார்கள்? பகுதிகளை மட்டும் நடத்தலாமா என்ற உங்கள் கேள்விக்குக் கூடாது என்பதே என் பதில். 27ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தன் கதையைத் தானே சொல்லும் நாயகன் பிப், லண்டனில் கனவானாகிக்கொண்டிருக்கிறான். அவனை வளர்த்த அக்காள் கணவரான கொல்லர் ஜோ அவனைப் பார்க்க வருகிறார். ஜோவைக் கண்டு பிப் வெட்கப்படுகிறான் என்று சுருக்கத்தில் ஒரு வரி இருக்கும். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் கணப்படுப்பின் மேல்விளிம்பில் வைப்பதும், அது திரும்பத் திரும்ப விழ அவர் பாய்ந்து பாய்ந்து பிடிப்பதும், தன் வீட்டில் வளர்ந்த பிள்ளையையே நடுநடுவே ‘சார்’ என்று அழைப்பதும் அதில் இருக்கமாட்டா. பணம் கொடுத்து அவரை வராமல் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொள்ளும் குரல் அன்றைய இளைஞனுடையதன்று, பல ஆண்டுகள் கழித்து அந்த வெட்கத்தை நினைத்து வெட்கப்படுகிற மனிதனுடையது என்பதும் அதில் கிடைக்காது. அதற்கு முந்தைய அத்தியாயங்களில் ஜோவின் உலைக்களத்தருகே உட்கார்ந்து பழகாத ஒருவனுக்கு அந்தத் தொப்பி விழுவது வெறும் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஆகவே நாவலைக் குறைக்காதீர்கள், மற்றதைக் குறையுங்கள். ஆண்டுக்கு நான்கு நாவல் வைத்திருந்தால் இரண்டாக்குங்கள். முக்கியமான பக்கங்களை வகுப்பிலேயே வாய்விட்டு வாசிக்கச் செய்யுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தத் தொப்பி ஏன் விழுந்துகொண்டே இருக்கிறது என்று 15 நிமிடத்தில் கையால் எழுதச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிய உங்கள் கவலை பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும், திருத்தும் சுமையும் குறையும்.

கவிதைக்கு வருகிறேன். ராபர்ட் ஹேடன் என்ற அமெரிக்கக் கவிஞரின் 1962ஆம் ஆண்டுத் தொகுப்பில் ‘தோஸ் வின்டர் சண்டேஸ்’ என்ற 14 வரிக் கவிதை இருக்கிறது. குளிர்கால விடியலில் தந்தை எழுந்து, வேலை செய்து வெடித்துப்போன கைகளால் நெருப்பு மூட்டி வீட்டைச் சூடாக்குகிறார். மகனுடைய காலணிகளையும் துடைத்து வைக்கிறார். ஒருவரும் நன்றி சொல்வதில்லை. தந்தையின் தியாகம் என்று பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். போகாமல், முதல் வரியின் இரண்டாம் சொல்லான ‘டூ’ (too) என்பதில் வகுப்பை நிறுத்திப் பாருங்கள். தமிழில் அது ‘ஞாயிற்றுக்கிழமைகளிலும்’ என்பதன் கடைசியில் நிற்கும் ‘உம்’. எச்சவும்மை என்று இலக்கணத்தில் மனப்பாடம் செய்தோமே, அதற்குள்ளேதான் மற்ற ஆறு நாளின் உழைப்பும் சொல்லாமலே அடங்கிக் கிடக்கிறது.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்பப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் உட்கார்ந்து கட்டுரை திருத்துகிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் அந்த ‘உம்’மைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியவள் யார்? பெற்றவர்கள் படும் பாட்டைப் பிள்ளைகள் உணர்ந்தே தீரவேண்டும் என்று நம்புகிறவள் நான்; பழைய காலத்து ஆள் என்று நீங்கள் சிரித்தாலும் சரி. ஆனால் உணர்வதற்குக் கற்றுக்கொடுப்பது பெற்றவர்களின் கடமை, அதைச் செய்வதற்கென்றே ஒரு வகுப்பறை கையில் இருந்தும் அவளை நீங்கள் வெளியே அனுப்பினீர்கள். அந்தக் கவிதையின் மகனுக்குக் காலம் கடந்துதான் புரிகிறது. உங்கள் மகளுக்கும் அப்படித்தான் புரியவேண்டுமா?

இன்னொன்றும் கவனித்தேன். ‘மாறினாள்’ என்று நீங்கள் எழுதவில்லை, ‘மாற்றிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் என்ன சொன்னாள் என்பதற்குக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவளை இந்த ஆண்டே மீண்டும் வகுப்பில் சேர்க்க வழி இருந்தால், தலைமையாசிரியரிடம் போய்த் தவறு என்னுடையது என்று சொல்லிச் சேர்த்துவிடுங்கள். வழியில்லை என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை கட்டுரைக் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாவலை எந்த அத்தியாயத்தில் நிறுத்தினாள் என்று அவளிடம் கேளுங்கள். அவளுக்கு நினைவிருக்கும். அந்த இடத்திலிருந்து நீங்கள் இருவரும் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி வாய்விட்டு வாசியுங்கள். தொப்பி விழும்போது அவள் சிரித்தாளா, சும்மா இருந்தாளா என்று எனக்கு எழுதுங்கள்.