கழுதைக்கு ஏன் வண்ணத்துப்பூச்சிச் சிறகு?

கலை வகுப்பறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியை. மெக்சிகோவின் அலெப்ரிஹே என்னும் வண்ண விலங்குச் சிற்பங்களை எட்டாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு காகிதத்தில் செய்வித்தேன். பெரும்பாலோர் கைப்பேசியில் பார்த்த படத்தையே அப்படியே செய்துவிட்டார்கள். இந்தச் சிறகு எதற்கு, இந்தக் கொம்பு எதற்கு என்று கேட்டால், "அழகா இருக்கு டீச்சர்" என்பதே பதிலாக வருகிறது. விலங்கின் ஒவ்வோர் உறுப்புக்கும் பொருள் இருக்கும்படி கற்பிப்பது எப்படி?

பதில்: குறை மாணவர்களிடம் இல்லை என்றே நினைக்கிறேன். முடிந்த சிற்பத்தின் படத்தை முதலில் பார்த்துவிட்ட குழந்தைக்கு, அந்தப் படத்தை எட்டிப் பிடிப்பதுதான் வேலை என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆகவே முதல் வகுப்பில் படம் எதையும் காட்டாதீர்கள். கதையை மட்டும் சொல்லுங்கள்.

மெக்சிகோ நகரில் பெத்ரோ லினாரெஸ் என்ற கைவினைஞர் இருந்தார். 1906-இல் பிறந்தவர். காகிதத்தைப் பசையிட்டு ஒட்டி உருவங்கள் செய்யும் கார்த்தொனெரியா என்ற தொழில் அவருடையது. முகமூடிகள், உள்ளே இனிப்புகள் நிரப்பி விழாக்களில் உடைக்கும் பினியாத்தாக்கள், ஈஸ்டருக்கு முந்தைய புனித சனிக்கிழமையன்று தெருவில் எரிக்கப்படும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் உருவங்கள் ஆகியவற்றைச் செய்து பிழைத்து வந்தார். 1936-இல், முப்பதாவது வயதில், கடும் நோயுற்று நினைவிழந்து கிடந்தபோது அவர் ஒரு காட்டைக் கனவில் கண்டதாக அவருடைய குடும்பத்தில் சொல்லி வருகிறார்கள். அங்கே பாறைகளும் மேகங்களும் விலங்குகளாக மாறினவாம். கழுதைக்கு வண்ணத்துப்பூச்சியின் சிறகும் சேவலுக்குக் காளையின் கொம்பும் முளைத்திருந்தனவாம். அவை அனைத்தும் "அலெப்ரிஹே, அலெப்ரிஹே" என்று ஒரே குரலில் கத்தினவாம். நலமடைந்து எழுந்தவர், தாம் கண்டவற்றை வீட்டாருக்குக் காட்டுவதற்காகவே தமக்குத் தெரிந்த காகிதத்திலும் பசையிலும் அவற்றைச் செய்யத் தொடங்கினார். 1990-இல் மெக்சிகோ அரசின் தேசியக் கலை, அறிவியல் பரிசு மக்கள் கலைப் பிரிவில் அவருக்கு வழங்கப்பட்டது. 1992-இல் அவர் காலமானார்.

இந்தக் கதையில் மாணவர் கவனிக்க வேண்டியது கனவின் விநோதத்தை அன்று. சொல்லில் அடங்காத ஒன்றைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு முதலில் வந்தது. உருவம் அதன் பிறகுதான் வந்தது. உங்கள் வகுப்பும் அதே வரிசையில் நடக்கட்டும். ஒவ்வொருவரும் தாளில் மூன்று வரிகள் எழுதட்டும்: எதைக் கண்டு பயம், எதில் கை தேர்ந்திருக்கிறது, யாருக்காக அல்லது எதற்காக இந்த விலங்கைப் படைக்கப் போகிறேன். பிறகு, தாம் நேரில் பார்த்த விலங்குகளிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் ஒன்றைத் தேடட்டும்.

இந்த இடத்தில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். சிங்கம் என்றால் வீரம், நரி என்றால் தந்திரம் என்ற ஆயத்தப் பொருள்களை ஏற்காதீர்கள். அந்த விலங்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். பல்லி ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டு ஓடுகிறது. எறும்பு தன்னைவிடப் பெரிய சுமையை இழுக்கிறது. ஆந்தை உடலைத் திருப்பாமலே பின்னால் பார்க்கிறது. பண்பைச் சொல்லும் சொல்லைவிடச் செயலைச் சொல்லும் சொல்லிலிருந்தே நல்ல குறியீடு பிறக்கிறது என்பதை நான் பல வகுப்புகளில் கண்டிருக்கிறேன். இரவில் லாரி ஓட்டும் தன் தந்தைக்காக ஒரு மாணவி ஆமையின் உடலில் ஆந்தையின் கண்களைப் பொருத்தினாள். ஆமை எங்கே போனாலும் வீட்டைச் சுமந்துகொண்டே போகும், ஆந்தை இரவில் விழித்திருக்கும் என்றாள். ஓட்டின் மேல் அவள் தீட்டிய வெள்ளைக் கோடுகள் நெடுஞ்சாலையின் நடுக்கோடுகள் என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆமையின் ஒரு கால் கோணலாகத்தான் இருந்தது. அதைத் திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்று விலங்குகளுக்கு மேல் கலக்க விடாதீர்கள். அவற்றில் ஒன்று உடலாக நிற்கட்டும், மற்றவை உறுப்புகளாகச் சேரட்டும். பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் பார்ப்பதுபோல் இரண்டு வரைபடங்கள் முடிந்த பிறகு, அலெப்ரிஹேக்களின் படங்களைத் தாராளமாகக் காட்டுங்கள். அப்போது அவர்கள் வண்ணத்தின் துணிச்சலையும் புள்ளிகளின் நெருக்கத்தையும் கற்றுக்கொள்வார்கள். உருவத்தைத் திருட வேண்டிய தேவை இருக்காது.

கேள்வி: அலெப்ரிஹே என்பது சபோடெக் பழங்குடியினரின் தொன்மையான மரச்சிற்பம் என்று ஒரு பாடத்திட்டத்தில் படித்தேன். மாணவர்கள் தம் பிறந்த தேதியை வைத்துத் தமக்குரிய காவல் விலங்கைக் கண்டறிய வேண்டும் என்றும் அதில் இருந்தது. இது சரியா?

பதில்: இரண்டு வேறு வரலாறுகள் அதில் ஒன்றாகிவிட்டன. லினாரெஸ் செய்தவை காகித உருவங்கள். அவை தலைநகரில் பிறந்தவை. இன்றும் 2007 முதல் மெக்சிகோ நகரின் மக்கள் கலை அருங்காட்சியகம் நடத்தும் ஊர்வலத்தில், ஆளுயரத்தை மிஞ்சிய காகித அலெப்ரிஹேக்கள் நகரின் பெருந்தெருக்களில் வலம் வருகின்றன. மரச்சிற்பங்களோ தெற்கே, சபோடெக் மக்கள் வாழும் வஹாக்கா மாநிலத்தைச் சேர்ந்தவை. அர்ராசோலா என்ற ஊரில் 1919-இல் பிறந்த மனுவெல் ஹிமெனெஸ் இன்றைய வண்ண மரச்சிற்பத் தொழிலுக்கு வழிவகுத்தவராகக் கருதப்படுகிறார். சான் மார்ட்டின் தில்கஹேதே, லா உனியோன் தெஹாலாபம் என்ற ஊர்களும் இத்தொழிலால் பெயர் பெற்றவை. மரம் செதுக்கும் பழக்கம் அப்பகுதியில் பழையதுதான். ஆனால் அலெப்ரிஹே என்ற பெயர் அம்மரச்சிற்பங்களுக்குப் பிற்காலத்தில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

அங்கே பயன்படுவது கொபால் என்ற மரம். பச்சையாக இருக்கும்போது மென்மையாக இருப்பதால் வெட்டுக்கத்தியாலும் சாதாரணக் கத்தியாலும் செதுக்க முடிகிறது. உலரும்போது விரிசல் விடுவதால் அவற்றை அடைத்துத் தேய்த்த பின்பே வண்ணம் ஏறும். பல வீடுகளில் ஒருவர் செதுக்க, மற்றொருவர் தீட்ட, குடும்பமே சேர்ந்து ஒரு விலங்கை முடிக்கிறது. விற்பனை பெருகியபோது மரம் அரிதானது. எனவே சில பட்டறைகள் கொபால் கன்றுகளை நட்டு வளர்க்கின்றன. இதையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு கலை எந்த மரத்தை நம்பி வாழ்கிறது என்பதும் கலைப்பாடம்தான்.

காவல் விலங்கைப் பொறுத்தவரை நான் உங்களைத் தடுக்கவே விரும்புகிறேன். பிறக்கும்போதே மனிதனுக்கு ஒரு துணைவிலங்கு அமைகிறது, அதன் வாழ்வும் அவன் வாழ்வும் பிணைந்தவை என்பது தோனா எனப்படும் நம்பிக்கை. மனிதன் விலங்காக உருமாறும் ஆற்றலைக் குறிப்பது நாவால் என்ற வேறொரு நம்பிக்கை. 20 நாட்குறிகளும் 13 எண்களும் சேர்ந்து சுழலும் 260 நாள் பஞ்சாங்கத்தோடு தோனாவைப் பிணைத்துத் தில்கஹேதேயின் பட்டறைகள் சில இன்று விளக்கம் தருகின்றன. வேறொரு மக்களின் வாழும் நம்பிக்கையை, நாம் ராசிபலன் பார்ப்பதுபோல் வகுப்பில் விளையாட்டாக்குவது மரியாதையன்று. தோனா என்றால் என்ன என்று கற்றுக்கொடுங்கள். மாணவர் தம் சிற்பத்துக்கு அப்பெயரைச் சூட்ட வேண்டாம். அவ்வாறே, வஹாக்காவில் உள்ள மித்லா என்ற பழம் சபோடெக் தலத்தின் கல்சுவர்களில் உள்ள படிக்கட்டுக் கோலங்களை அப்பட்டறைகள் தம் சிற்பங்களில் தீட்டுவது அவர்களுடைய பரம்பரைச் சொத்து. உங்கள் மாணவருக்குத் தத்தம் கதையிலிருந்து கோலம் பிறக்கட்டும்.

கேள்வி: நம் கோயில் தூண்களில் உள்ள யாளியையும் ஓர் அலெப்ரிஹே என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். விலங்குறுப்புகள் கலந்திருப்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. யாளி, சிற்பியர் மரபு தலைமுறை தலைமுறையாக வகுத்துக்கொண்ட உருவம். அதைச் செய்தவர் தம் சொந்தக் கனவைச் செய்யவில்லை. அலெப்ரிஹே ஒரு தனிமனிதரின் கனவிலிருந்து வந்தது. இரண்டையும் அருகருகே வைத்து இந்த வேறுபாட்டைப் பேசினால் அது நல்லதொரு பாடமாகும்.

கேள்வி: காகித விலங்குகளின் கால்கள் மடிந்துவிடுகின்றன, மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கிறது. என்ன செய்வது?

பதில்: கால் மடிவதற்குக் காரணம் உள்ளே எலும்பு இல்லாமைதான். லினாரெஸின் தொழிலில் நாணலும் கம்பியும் எலும்புக்கூடாக நிற்கும். நீங்கள் ஒரே கம்பியை ஒரு காலில் தொடங்கி முதுகு வழியாக மறுகாலுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி நூலால் கட்டுங்கள். தலையும் சிறகும் கனமாக இருந்தால், ஒட்டத் தொடங்கும் முன்பே மேசையில் நிறுத்திப் பார்த்துவிட வேண்டும். பசை ஏறிய பின் சமநிலையைத் திருத்துவது பெரும்பாடு.

பூஞ்சைக்குக் காரணம் அவசரம். காகிதத்தைக் கத்தரிக்காமல் இரண்டு விரல் அகலத்தில் கையால் கிழியுங்கள். கிழிந்த ஓரம் படிந்து ஒட்டும். மைதாப் பசையைத் தண்ணீராகக் காய்ச்சி, ஒவ்வொரு பட்டையிலும் மிகுந்ததை வழித்துவிட்டு ஒட்டுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு போதும். அது முழுதும் உலர்ந்த பின்பே அடுத்தது. நான்கு அடுக்குகளில் விலங்கு கெட்டியாகிவிடும். சுவரொட்டி ஒட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சாகையால் குழந்தைகள் கைபடும் பசையில் ஒருபோதும் கூடாது. அன்றன்று காய்ச்சிய பசையை அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

உலர்ந்த உருவத்துக்கு இரண்டு முறை வெள்ளை பூசிவிட்டு, பெரிய பரப்புகளுக்கு அடர்ந்த வண்ணமும், அது காய்ந்த பின் மேலே புள்ளிகளும் கோடுகளும் இடச் சொல்லுங்கள். புள்ளி வைக்கத் தூரிகையின் பின்முனையும் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவும் போதும். புள்ளி இடும் வேலைக்கு மட்டும் இரண்டு முழு வகுப்புகளை ஒதுக்குங்கள். வகுப்பு அமைதியாவதும், மாணவர் தம் விலங்கோடு மெல்லப் பேசத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான்.