தோட்டத்துத் திண்ணை: கேள்வி பதில்

கேள்வி: தாண்டிக்குடி அருகே ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறோம். மார்ச் வந்தால் காட்டுத்தீப் புகை. கீரை, அவரை மேலெல்லாம் சாம்பல் படிகிறது. சாப்பிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: காட்டு மரம் எரிந்த சாம்பல்தானே, சாப்பிடலாம் தாயி. கீரையை அகலப் பாத்திரத்தில் முக்கி, தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள். குப்பைமேடோ வீடோ எரிந்த சாம்பல் என்றால் கதை வேறு. அந்தக் கீரையைத் தூரப் போடுங்கள். செடிமேல் படிந்ததைக் காலையில் பூவாளியால் கழுவிவிடுங்கள். மாலையில் வேண்டாம், இரவெல்லாம் இலை ஈரமாக இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அப்புறம், உரம் கிடைத்தது என்று சாம்பலை அள்ளிக் காபிச் செடி தூரில் கொட்டிவிடாதீர்கள். அது காரம், காபிக்கு லேசான புளிப்பு மண்தான் பிடிக்கும்.

என் கவலை கீரையைப் பற்றியல்ல, உங்களைப் பற்றி. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு களை எடுப்பது நம் பக்கத்து வழக்கம். துண்டு கண்ணுக்குத் தெரிகிற சாம்பலைத் தடுக்கும், அவ்வளவுதான். நெஞ்சுக்குள் இறங்குவது 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய துகள். அதற்கு என்95 மாஸ்க், அதுவும் முகத்தோடு ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். எதிர்மலை மங்கலாகத் தெரிந்தால் மண்வெட்டியை வைத்துவிடுங்கள், களை எங்கேயும் ஓடிவிடாது. மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயையும் இப்போதே கழற்றிவிடுங்கள். கோடை மழையின் முதல் தண்ணீர் கூரைச் சாம்பலோடுதான் வரும்.