வெள்ளத் தடுப்புச் சுவரும் ஆற்றுக் காட்சியும்

வணக்கம். கரைச்சுவரை ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் வீட்டிலிருந்து ஆறே தெரியாது என்ற தங்கள் கவலை நியாயமானது. ஆனால் சுவரே வேண்டாம் என்பதைவிட, எந்த வகைச் சுவர் என்று கேட்பதே பலன் தரும். தாழ்வான சுவரின்மேல் தடித்த கண்ணாடிப் பலகைகளைப் பதிக்கும் முறை இங்கிலாந்தின் கெசிக் நகரில் 2012 முதல் உள்ளது. 2015 டிசம்பர் புயலில் வெள்ளம் அங்கே தடுப்பையும் தாண்டியது என்பதால், கண்ணாடி உடையுமா என்பதற்கு முன் உயரம் போதுமா என்று கேளுங்கள். வெள்ளக் காலத்தில் மட்டும் தூண்களுக்கிடையே அலுமினியப் பலகைகளைச் செருகும் முறை, 2013இல் ஆஸ்திரியாவின் கிரைன் நகரை டான்யூப் வெள்ளத்திலிருந்து காத்தது. எனினும், நீர் சடுதியில் ஏறும் சிற்றாறுகளுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இடமிருந்தால் சுவரைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். ஆற்றுக்கு அகலம் கிடைத்தால் தேவைப்படும் உயரம் குறையும். சன்னலருகே அமரும்போது கண்மட்டம் எங்கே வருகிறதென அளந்து, திட்டப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள்.