நேரத்தை யார் நகர்த்துவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

பெல்லந்தூரில் ஒரு சிப் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் மெமரி கண்ட்ரோலர் மாடல், வன்பொருளை சி++-இல் மாதிரி செய்ய உதவும் சிஸ்டம்சி-யில் இருக்கிறது. அதற்கு நிஜமான சிபியு டிராஃபிக் வேண்டுமென்று, கணினியைச் சிமுலேட் செய்யும் ஜெம்5-ஐ உள்ளே இணைத்தேன். ஒரு த்ரெட் ஒவ்வொரு நானோசெகண்டுக்கும் ஜெம்5-இன் சிமுலேட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. ஓடுகிறது, ஆனால் ரீட் லேட்டன்சி (கேட்ட தரவு வந்து சேர ஆகும் நேரம்) கூடுதலாக வருகிறது. சில சமயம் கடந்துபோன நேரத்தில் ஈவென்ட் (குறித்த நேரத்தில் நடக்க வேண்டிய வேலை) போடுவதாகச் சொல்லி அசெர்ட் என்ற பிழைச் சோதனையில் நிற்கிறது. இடைவெளியை 1 பிகோசெகண்டாகக் குறைத்தால் சரியாகுமா?

– ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

குறைக்காதீர்கள். ஒரு விநாடியை ஓட்டுவதற்கே லட்சம் கோடி முறை கூப்பிட வேண்டியிருக்கும். நோயும் போகாது.

சிமுலேட்டைக் கூப்பிட்டதும் ஜெம்5 அந்த நானோசெகண்டின் கடைசிவரை ஓடிவிடுகிறது. சிஸ்டம்சி இன்னும் அதன் தொடக்கத்திலேயே நிற்கிறது. கண்ட்ரோலர் 200 பிகோசெகண்டில் பதில் தந்தாலும் ஜெம்5 அந்த நேரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. பதிலை இப்போது வாங்கினால் லேட்டன்சி கூடும். உண்மையான நேரத்தில் போட்டால் அசெர்ட் அடிக்கும். உங்கள் இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றுதான்: நேரத்தை இரண்டு பேர் நகர்த்துகிறார்கள். நகர்த்துபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். உங்கள் டிசைன் சிஸ்டம்சி-யில் இருப்பதால் அந்தப் பொறுப்பு சிஸ்டம்சி-யை ஓட்டும் மையப் பகுதியான கெர்னலுடையது. ஜெம்5 தானே நேரத்தை ஓட்டும் தன் லூப்பை விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட்டுக்கொடுத்தபின் அதற்கு மிஞ்சும் வேலை சின்னது. இந்த நேரத்துக்கு உரிய ஈவென்ட்களை முடிக்கும். ஈவென்ட்கள் காத்திருக்கும் வரிசையான க்யூவின் தலையில் அடுத்து நிற்பது எப்போது என்று பார்க்கும். அந்த நேரத்தில் தன்னை எழுப்பும்படி ஒரு சிஸ்டம்சி ஈவென்ட்டை நோட்டிஃபை செய்துவிட்டுத் திரும்பிவிடும். ஜெம்5 சோர்ஸில் யூட்டில் டைரக்டரிக்குள் சிஸ்டம்சி என்ற பகுதியில் இதன் மாதிரி இருக்கிறது, அதை வரிவரியாகப் படியுங்கள். இரண்டிலும் இயல்பான அலகு 1 பிகோசெகண்ட் என்பதால் ஜெம்5 நேரத்தை எண்ணும் டிக்கை அப்படியே சிஸ்டம்சி நேரமாக மாற்றிக்கொள்ளலாம். உங்கள் குழுவில் யாராவது இந்த அலகை, அதாவது ரெசல்யூஷனை, மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. சிஸ்டம்சி ஈவென்ட் ஒரே ஒரு நோட்டிஃபிகேஷனைத்தான் நிலுவையில் வைத்திருக்கும். அதைவிட முன்னதான நேரத்துக்கு இன்னொன்று வந்தால் பழையது ரத்தாகும், பிந்தையதாக இருந்தால் புதியது புறக்கணிக்கப்படும். நமக்கு வேண்டியதும் சரியாக இதுதான்! நடுவில் கண்ட்ரோலர் பதில் அனுப்பி ஜெம்5 க்யூவில் அவசரமாக ஒன்று சேர்ந்தால், அந்த முன்னதான நேரத்துக்கு நோட்டிஃபை செய்தால் போதும். க்யூவிலிருந்து ஏதாவது நீக்கப்பட்டால் ஜெம்5 ஒருமுறை வீணாக விழிக்கும், அதனால் பாதகமில்லை.

ஆனால் சிஸ்டம்சி பக்கத்திலிருந்து ஜெம்5-க்குள் நுழையும் ஒவ்வொரு வாசலிலும் முதல் வேலையாக ஜெம்5-இன் நடப்பு டிக்கை சிஸ்டம்சி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அது தூங்கும்போது அதன் டிக் பழைய இடத்திலேயே நின்றிருக்கும். அங்கிருந்து கூட்டிப் போடும் ஈவென்ட் மறுபடி கடந்த காலத்தில் விழும்.

அப்புறம் கைகுலுக்கல். ஜெம்5-இன் டைமிங் போர்ட் என்ற இணைப்பு வாயிலில் ரிக்வெஸ்ட்டை மறுக்கலாம், மறுத்தவர் பிறகு மறுபடி அனுப்பச் சொல்லும் ரீட்ரையை அனுப்பியே ஆக வேண்டும். சிஸ்டம்சி மாடல்கள் பேசிக்கொள்ளும் முறையான டிஎல்எம்-இல் மறுப்பு கிடையாது. ரிக்வெஸ்ட் முடிந்தது என்ற கட்டம் வரும்வரை அடுத்ததை அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். ஆகவே இடையில் வரும் ரிக்வெஸ்ட்டை மறுப்பதும், அந்தக் கட்டம் வந்ததும் ரீட்ரையை அனுப்புவதும் இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜின் வேலை. மறந்தால் எந்த எரரும் வராது. சிபியு காத்துக்கொண்டே இருக்கும், சிமுலேஷன் நேரம் மட்டும் ஓடும். இதற்கு அசெர்ட் எவ்வளவோ மேல்.

எதிர்த் திசையிலும் வழி உண்டு: ஜெம்5-க்குள்ளேயே அதன் ஈவென்ட் க்யூமேல் ஓடும் சிஸ்டம்சி கெர்னல் ஒன்று இருக்கிறது. சிபியு ஆராய்ச்சி முக்கியம் என்றால் அதை எடுக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

கண்ட்ரோலரை இணைப்பதற்கு முன் ஜெம்5-இன் சொந்த மெமரியோடு ஒரே புரோகிராமைத் தனியாகவும் சிஸ்டம்சி-க்குள்ளும் ஓட்டுங்கள். கடைசி டிக் அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் லாக்கோடு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை அல்சூர் தமிழ்ச் சங்கம் பக்கம் வந்தால் உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.